பார்த்தாச்சு முத்திரை

இந்தக் கதையில் வரும் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதுவதென்றால் அதனிடம் ஒன்பது பக்க ஒப்புதல் படிவம் வாங்கவேண்டும். கெர்ட்ரூட் அப்படி அறுபத்து நான்கு படிவங்கள் வாங்கினாள். அதற்கே இரண்டு வருடம் போயிற்று. எனக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது, அந்த இடத்தின்மேல் அவ்வளவு மரியாதையும் கிடையாது.

கெர்ட்ரூட் மலேசியாவில் ஈப்போ ஜெலாப்பாங்கில் வளர்ந்தவள். அப்பா செபாஸ்டியன் அங்கே ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டினார். அவருக்கு முந்தியவர்கள் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டம் பாரிஸ் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம் என்பதால் பிரெஞ்சுக்காரன் தோட்டம் என்றே அதற்குப் பேர். அதை விற்று, மரங்களைச் சாய்த்து, ஆபீசை இடித்தபோது குப்பை ஏற்றப் போனவர் செபாஸ்டியன்தான். குப்பையில் ஒரு தடித்த பழைய புத்தகம் கிடந்தது. அதைத் தூக்கி பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே மகள் பிரெஞ்சு படிக்கப் போனாள்.

அது பெரட்டுப் புத்தகம். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று சொல்வார்கள். யாராவது வராவிட்டால் அந்தப் பேருக்கு எதிரே ஆபீஸ் கணக்கரான கிராணி காரணம் எழுதவேண்டும். தோட்டத்தை நடத்திய துரை ஸ்காட்லாந்துக்காரர், அவருக்குக் காரணம் இங்கிலீஷில் வேண்டும். பாரிஸ் தலைமையகத்துக்குப் பிரெஞ்சில் வேண்டும். இதற்காகவே காரைக்காலிலிருந்து அப்பாவு என்ற கிராணியை வரவழைத்தார்கள். அவர் இடது பக்கத்தில் இங்கிலீஷும் வலது பக்கத்தில் பிரெஞ்சும் எழுதினார். மாதக் கடைசியில் தாள்கள் கப்பலேறி பாரிஸ் போகும். சில மாதம் கழித்து, ஒவ்வொரு தாளிலும் ‘பார்த்தாச்சு’ என்ற சிவப்பு முத்திரையோடு திரும்பி வரும். அப்பாவு அவற்றைக் கோத்துத் தைத்து வைத்தார்.

முதல் வருடம் அவர் ஒழுங்காக எழுதினார். காய்ச்சல். வயிற்றுப்போக்கு. காய்ச்சல். இரண்டாவது வருடம், ‘காய்ச்சல். மருந்து இல்லை என்றார்கள். துரையின் நாய்க்கு இருந்தது’ என்று எழுதிப் பார்த்தார். முத்திரையோடு திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள், ‘இதைப் படிக்கும் ஐயா, எனக்குக் கண் மங்குகிறது. ஒரு மூக்குக்கண்ணாடி அனுப்பவும்’ என்று எழுதினார். அதற்கும் முத்திரை விழுந்தது. கண்ணாடி வரவில்லை.

அன்றோடு கிராணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. துரைக்குப் பிரெஞ்சு தெரியாது, பிரெஞ்சு தெரிந்தவன் படிப்பதில்லை. மனிதர் ஐந்து வருடம் மனம்விட்டு எழுதினார். இடது பக்கத்தில் துரை சொன்ன பொய், வலது பக்கத்தில் நடந்த உண்மை.

முத்திரை மட்டும் குத்துகிற ஒரு வாசகனுக்காக ஒருவன் என்ன மொழியில் எழுதுகிறான், எப்படி எழுதுகிறான் என்பதுதான் கெர்ட்ரூட்டின் முனைவர் பட்ட ஆய்வு. பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சில் எழுதப்பட்ட இலக்கியம் என்ற துறையில் பதிந்துகொண்டாள். நல்ல தலைப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு அவள் எங்கே போனாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பதிவு செய்யும் கணினியில் ‘ஆய்வு நடக்கும் நாடு’ என்று ஒரு கட்டம் இருந்தது. பிரெஞ்சு புழங்கும் நாடுகள் மட்டுமே அந்தப் பட்டியலில் உண்டு. அதில் மலேசியா இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கம் நகரவில்லை. கெர்ட்ரூட் சின்ன வயதிலிருந்தே எல்லாக் கட்டங்களையும் நிரப்புகிறவள். எழுத்து வரிசையில் பக்கத்தில் கிடந்த மடகாஸ்கரை அமுக்கிவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திருத்த வேண்டுமானால் மடகாஸ்கர் தூதரகத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வேண்டும் என்றார்கள்.

ஆகவே, கோலா கங்சாருக்குப் போய் பழைய தோட்டத்து ஆட்களைப் பார்த்துவர அவள் விண்ணப்பித்தபோது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் கேட்டார்கள். ஜெலாப்பாங்கிலிருந்து கோலா கங்சாருக்கு நாற்பது நிமிடம். கெர்ட்ரூட் ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

“நம்ம காலத்துல கோலா கங்சாருக்கு ஒரு ரிங்கிட்தான் பஸ்ஸுக்கு, வேற ஒன்னும் கேக்க மாட்டான்,” என்றார் செபாஸ்டியன்.

அவளுக்கு அமைந்த முதல் மேற்பார்வையாளருக்குப் பிரெஞ்சு தெரியும். அந்தக் குற்றத்துக்காகத்தானோ என்னவோ, அம்மையாரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அடுத்து வந்தவர் சுற்றுலாத் துறைக்காரர். பாரிஸில் ஐந்து நாள் தங்கியவர் என்று நியமனக் கடிதத்தில் தகுதியாகவே போட்டிருந்தார்கள். அவர் கெர்ட்ரூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே சாப்பாடு சரியில்லை என்று சொல்வார்.

அடுத்தது ஆய்வு நெறிக்குழு. மனிதர்களைப் பற்றி ஆய்வு செய்தால் அந்த மனிதர்களின் ஒப்புதல் வேண்டும். நல்ல விதிதான். நெறிக்குழுவின் செயலாளர் கலாதேவி, கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர்.

“மொத்தம் எத்தன பேரு உங்க ஆய்வுல?”

“இருநூத்து பதினாலு பேரு மேடம். பெரட்டுப் புத்தகத்துல பேரு இருக்கவங்க. எல்லாரும் இறந்துட்டாங்க.”

கலாதேவி அனுதாபமாகத் தலையசைத்தார். “ஒப்புதல் வாங்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“நான் பொறக்கறதுக்கே முன்னால மேடம்.”

“அப்ப வாரிசுங்ககிட்ட வாங்கிருங்க. எல்லாருகிட்டயும் வேணாம், முப்பது சதவீதம் போதும்லா. நாங்களும் மனுசங்கதான்.”

முப்பது சதவீதம் என்றால் அறுபத்து நான்கு பேர். கெர்ட்ரூட் அப்பாவின் பழைய காரில் பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றினாள். தோட்டம் கலைந்தபோது ஆட்கள் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள். பாதுகாவலர் வேலை, துணி தைக்கும் தொழிற்சாலை, ஆஸ்பத்திரித் துப்புரவு, வாழை இலைச் சாப்பாட்டுக்கடை. ஒவ்வொருவரிடமும் ஒன்பது பக்கப் படிவத்தை நீட்டினாள். படிவத்தை மருத்துவத் துறையிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். அதில் ஏழாவது கேள்வி, நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பது.

அறுபத்து மூன்று சேர்ந்தது. கடைசி ஒன்றுக்காகத் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகிறேன் என்று அவள் விடுப்பு எழுதியபோது, வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. முனைவர் பட்டம் படிக்கிறவர்கள் என்றாவது ஒரு நாள் அங்கே போய்த்தான் ஆகவேண்டும் என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அங்கே மார்க்கெட்டுக்குப் பின்வரிசையில் நவமணி என்ற அம்மாள் இருந்தார். எண்பத்து மூன்று வயது. புத்தகத்தில் உள்ள இராமசாமியின் மகள். ஏழாவது கேள்வியைக் கெர்ட்ரூட் கூச்சத்தோடு படித்தாள்.

“இப்ப இல்ல,” என்றார் நவமணி. பிறகு கேட்டார். “எங்கப்பா பேரு அதுல இருக்கா?”

“இருக்கு பாட்டி.”

“அவரு ஓடிப்போன அன்னிக்கி என்ன எழுதிருக்கு?”

கெர்ட்ரூட் படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

“எங்கம்மா வயித்துல நான் ஏழு மாசம். எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டான்னு லயத்து வீடு பூரா பேச்சு. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு எங்கம்மா செத்துச்சு. ஓடிப்போனவன் மவளுன்னு என்னய எவனும் கட்டிக்க வரல. நாப்பது வயசுல ரெண்டாந்தாரமா போனேன். அதான் கேக்குறேன். எங்க ஓடுனாருன்னாவது எழுதிருக்கா?”

கெர்ட்ரூட்டுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். வாயைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் படிவத்தின் பதினான்காம் விதி, பட்டம் கிடைக்கும்வரை ஆய்வில் கண்டது எதையும் பங்கேற்பாளரிடம் சொல்லக்கூடாது என்றது. சொன்னால் பதிவு ரத்து. பதிவு போனால் தனியார் கல்லூரியில் அவள் பார்க்கும் வேலையும் போகும். அவள் பயந்தாள். இந்த இடத்தில் எனக்கு அவள்மேலும் கோபம் உண்டு.

“படிப்பு முடிஞ்சதும் புத்தகத்தையே கொண்டாந்து காட்டுறேன் பாட்டி. சத்தியமா.”

“எனக்கு எம்பத்து மூணு ஆவுது. உன் படிப்பு எப்ப முடியும்?”

பல்கலைக்கழகத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. நவமணி பதிலுக்குக் காத்திராமல் கைநாட்டு வைத்தார்.

அறுபத்து நான்கு படிவங்களையும் கலாதேவி வாங்கி அடுக்கினார். எண்ணினார். படிக்கவில்லை. பிறகு இருபத்திரண்டாம் விதியைச் சொன்னார். ஆய்வேட்டில் ஒருவர் பெயரும் வரக்கூடாது, எண்தான் வரவேண்டும். பட்டம் வழங்குவதற்கு முன்பாக மூலத் தரவை அழித்து, அழித்ததற்குச் சான்றிதழ் கொடுக்கவேண்டும்.

“மூலத் தரவுன்னா, அந்தப் பெரட்டுப் புத்தகமா மேடம்?”

“ஆமா. அதுல தனிப்பட்ட தகவல் இருக்குல்ல. யாராச்சும் பாத்துட்டா?”

“பாக்கணும்னுதான் மேடம் அவங்க கையெழுத்தே போட்டாங்க. பட்டம் கெடைக்கிற வரைக்கும் காட்டக்கூடாதுங்கிறீங்க. அழிச்சாத்தான் பட்டம்ங்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல எப்ப காட்டுறது?”

“ரெண்டுக்கும் நடுவுல ஒன்னும் இல்ல,” என்றார் கலாதேவி, விளங்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுமையோடு. “அதான் பாதுகாப்பு.”

ஆய்வேட்டை எழுதி முடிக்க மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். இராமசாமி எண் எண்பத்தேழு ஆனார். மூன்று தேர்வாளர்களுக்கு மூன்று பிரதி, அச்சகத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு ஆய்வுக்கல்வி இயக்குநர் பேராசிரியர் தனேஸ்வரன் தலைமை வகித்தார். அவர் துறை தர மேலாண்மை. ரப்பர் வருகிறது என்பதால் வனத்துறைக்காரர் ஒருவர், பிரான்ஸ் வருகிறது என்பதால் அந்தச் சுற்றுலாக்காரர். மேசைமேல் மூவருக்கும் முன்னால் மூன்று பிரதிகள். மூன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

தனேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

“மொதல்ல ஒன்னு சொல்லிர்றேன். எனக்கு பிரெஞ்சு தெரியாது. இலக்கியமும் படிக்கறதில்ல, டைம் இல்ல. இந்த ஏடும் படிக்கல. ஏன்னா, படிச்சா ஒரு அபிப்பிராயம் வந்துரும். அபிப்பிராயம் வந்தா நடுநிலை போயிரும். இந்த நாற்காலியில ஒக்காந்து ஏழு வருஷத்துல நூத்து எண்பது டாக்டருங்கள உருவாக்கியிருக்கேன். ஒன்னு கூட படிச்சதில்ல. ஒருத்தரும் என்மேல புகார் கொடுத்ததில்ல.”

மற்ற இருவரும் தலையசைத்தார்கள். அவருக்கு உற்சாகம் பிறந்தது.

“இப்ப என் கேள்வி. இந்தக் கிராணி அஞ்சு வருஷம் எழுதினாரு. யாரும் படிக்கல. சரியா? அப்ப அதுக்கு இம்பேக்ட் எங்க? எந்த ஜர்னல்ல வந்துச்சு? எத்தன பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க? யாருமே படிக்காத ஒன்ன எழுதறதுல என்ன பிரயோஜனம்? நீங்க சொல்லுங்க.”

கெர்ட்ரூட் அந்த மூன்று பிளாஸ்டிக் உறைகளையும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை என்று அவர்கள் நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அது ஆத்திரம்.

“நானும் அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன் ப்ரோஃப்,” என்றாள்.

தன்னடக்கமான பதில் என்று அறிக்கையில் எழுதினார்கள். வனத்துறைக்காரர் இன்னும் கொஞ்சம் படங்கள் சேர்த்திருக்கலாம் என்றார். தேர்ச்சி. மூன்று பிரதிகளையும் உறையோடு அவளிடமே திருப்பிக் கொடுத்து, பதினான்கு நாளுக்குள் அழிப்புச் சான்றிதழ் வேண்டும் என்று நினைவூட்டினார்கள்.

பதின்மூன்றாம் நாள் அவள் பிஸ்கட் டின்னையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஆவண அழிப்புப் பிரிவுக்குப் போனாள். அது கீழ்த்தளத்தில் இருந்தது. பவித்ரன் என்ற இளைஞர் ஒருவர் மட்டும் ஒரு பெரிய தாள் கிழிக்கும் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தராசு.

“வாங்கக்கா. எத்தன கிலோ?”

“என்னன்னு பாக்க மாட்டீங்களா?”

“பாக்கக்கூடாதுக்கா, ரகசியம். எட மட்டும் எழுதுவேன். உங்க ஃபாரத்துல ரெண்டு கிலோன்னு போட்டிருக்கு. கூடுனா பரவால்ல, கொறையக்கூடாது.”

கெர்ட்ரூட் டின்னைத் திறந்தாள். தைத்த புத்தகம் மங்கிப்போய்க் கிடந்தது. பதினான்காம் விதி, இருபத்திரண்டாம் விதி, தனியார் கல்லூரி, அப்பா வாங்கிய கார்க் கடன் எல்லாம் ஒரு சுற்று மனதில் வந்துபோயின. பிறகு, நீ எப்ப முடிப்ப என்று கேட்ட கிழவியும் வந்தார். டின்னை மூடித் தரையில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். ஏழு வருட உழைப்பின் உறையைப் பிரித்த முதல் ஆள் அவளேதான்.

அட்டையை உரித்துத் தாள்களைப் பவித்ரனிடம் நீட்டினாள். விதியை மறந்து அவர் மேலிருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் படித்தார். படித்துவிட்டு அடுத்த தாளையும் எடுத்தார்.

“அக்கா.”

“ம்.”

“அந்தக் கிராணிக்கு கண்ணாடி அனுப்புனாங்களா?”

ஏழு வருடத்தில் அவளுடைய ஆய்வைப் படித்துவிட்டு அந்தப் பல்கலைக்கழகத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். கீழ்த்தளத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கெர்ட்ரூட் அப்போதுதான் அழுதாள்.

“இல்லப்பா, அனுப்பல.”

பவித்ரன் தாள்களைப் பார்த்தார், தரையிலிருந்த டின்னைப் பார்த்தார். “இந்த ரெண்டு தாள நான் வெச்சிக்கிறேன், மிச்சத்தப் போட்டுரவா?” என்றார். அவள் மற்ற இரண்டு பிரதிகளையும் எடுத்து உறையைக் கிழித்துக் கொடுத்தாள். ஆறு கிலோ சொச்சம் வந்தது. சான்றிதழில் ‘மூலத் தரவு முழுமையாக அழிக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தது. பவித்ரன் எடையை எழுதி நீட்டினார். மேல்மாடியில் கலாதேவி அதன்மேல் ‘பார்வையிடப்பட்டது’ என்று ஒரு முத்திரையைக் குத்தினார். மையும் சிவப்புதான்.

பட்டமளிப்பு நாளன்று காலை ஆறு மணிக்கே வரச் சொல்லி, கழுத்தில் எண் மாட்டி, வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். செபாஸ்டியன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். “இதுக்கா இவ்ளோ படிச்ச? பெரட்டு எங்கப்பாவுக்கே தெரியுமே,” என்றார்.

தனேஸ்வரன் உரையாற்றினார். தரவுக் கசிவு ஒன்றுகூட இல்லாத பல்கலைக்கழகம் என்ற விருதைத் தொடர்ந்து நான்காவது வருடமாக வாங்கியிருக்கிறோம் என்றார். கசிவதற்கு எதையும் விட்டுவைக்காததே வெற்றியின் இரகசியம் என்றார். பிறகு சிறப்பு ஆய்வாளர்களைக் குறிப்பிட்டபோது, மடகாஸ்கர் தோட்டத் தொழிலாளர்களின் குரலை உலகறியச் செய்த முனைவர் கெர்ட்ரூட் என்று அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

அங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் காரில் ஏறினாள். செபாஸ்டியன் நேரே தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஓட்டினார். நவமணி உயிரோடு இருந்தார். பல்கலைக்கழகத்தின் தயவால் அல்ல. எண்பத்தைந்து ஆகியிருந்தது. கறுப்பு அங்கியைப் பார்த்து, வக்கீல் வந்துவிட்டதாக முதலில் பயந்துபோனார்.

கெர்ட்ரூட் டின்னைத் திறந்து, அந்தப் பக்கத்தை விரித்து, நவமணியின் விரலைப் பிடித்து இராமசாமி என்ற பேரின்மேல் வைத்தாள். இடது பக்கத்தில் இங்கிலீஷில் ஓடிவிட்டான் என்று ஒரு வார்த்தை. வலது பக்கத்தைத் தமிழாக்கி நிதானமாகப் படித்தாள்.

‘வரவில்லை. ஓடிவிட்டான் என்று எழுதச் சொன்னார் துரை. எதிர்ப்பக்கம் அப்படியே எழுதிவிட்டேன். அது பொய். காய்ச்சலோடு வேலைக்கு அனுப்பாதே என்று கேட்டதற்காக நேற்று ஸ்டோருக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். விடிவதற்குள் செத்துப்போனான். மூன்றாம் நம்பர் ரப்பர்க் காட்டில், ஓடைக்கு மேலே புதைத்தார்கள். லாந்தர் பிடித்தது நான். பெண்சாதிக்கு ஏழு மாதம். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.’

நவமணி வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அழவும் இல்லை.

“அப்ப ஓடல,” என்றார்.

“ஓடல பாட்டி.”

நவமணியின் விரல் தாளில் நகர்ந்து ஓரத்துக்குப் போய் நின்றது. “இது என்ன, செவப்பா?”

“முத்திரை பாட்டி. பாரிஸ்ல, கம்பெனி ஆபீசுல குத்துனது.”

“என்ன போட்டிருக்கு?”

“பாத்தாச்சுன்னு போட்டிருக்கு.”

நவமணி தலையை நிமிர்த்தினார். அங்கி போட்ட கெர்ட்ரூட்டை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தார்.

“பாத்துட்டுமா சும்மா இருந்தானுங்க?”

பார்க்கவே இல்லை பாட்டி, குத்தத்தான் குத்தினார்கள் என்று சொல்ல கெர்ட்ரூட் வாயெடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் அவள் எழுதியது அதைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கைநாட்டு வாங்கிப்போனது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.